ஆட்டுக்குட்டி வேஷம் வேண்டாம்

என் மகனுக்கு,

உன் கடிதமும் போட்டோவும் நேற்று வந்து சேர்ந்தன. தபால்காரரிடமிருந்து வாங்கிய கையோடு உன் அம்மா போட்டோவைப் பக்கத்து வீட்டுக்கு எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாள். உடம்பெல்லாம் வெள்ளைப் பஞ்சு ஒட்டி, தலையில் இரண்டு காது வைத்துக்கொண்டு பேரன் ஆட்டுக்குட்டி மாதிரி நிற்பதைப் பார்த்துத் தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகுதான் கடிதத்தைப் படித்தேன். மாதக் கடைசியில் அங்கே ஹாலோவீன் என்று ஒரு பண்டிகை, குழந்தைகள் பேயாகவும் பூதமாகவும் வேஷம் போட்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்குவார்கள், எல்லா வாசலிலும் பரங்கிக்காயைக் குடைந்து முகம் வெட்டி உள்ளே மெழுகுவர்த்தி ஏற்றி வைப்பார்கள், குழந்தைக்கான வேஷத்தை மருமகளே பஞ்சை ஒட்டித் தயார் செய்திருக்கிறாள் என்றெல்லாம் எழுதியிருந்தாய். அந்த வரிகளை இரண்டாம் தடவையும் படித்தேன். பஞ்சு, மெழுகுவர்த்தி, இரண்டு வயதுக் குழந்தை. மூன்றையும் ஒரே பக்கத்தில் நீ எவ்வளவு சந்தோஷமாக எழுதியிருக்கிறாய்.

உடனே தந்தி கொடுக்கலாம் என்று சட்டையை மாட்டினேன். அம்மா தடுத்துவிட்டாள். "தந்தின்னு கதவைத் தட்டினாலே நம்ம ரெண்டு பேர்ல யாரோ போயிட்டோம்னு நெனைச்சுடுவான். உக்காந்து வெவரமா எழுதுங்க" என்றாள். அதனால் எழுதுகிறேன். அந்த நாளுக்குள் இது உன் கையில் கிடைத்துவிட வேண்டும். இந்தப் பண்டிகை எனக்குப் புதிதில்லை, தம்பி. ஒரே ஒரு தடவை கண்ணால் பார்த்திருக்கிறேன், மாமல்லபுரத்தில். நீ அப்போது சென்னையில் விடுதியில் தங்கிக் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாய். படிப்பு கெட வேண்டாம் என்று சொல்லாமல் விட்டோம். அப்புறம் நீ வேலை, கல்யாணம், விமானம் என்று போய்விட்டாய். சொல்வதற்கு வாய்க்கவே இல்லை.

ரங்கநாதனை உனக்கு நினைவிருக்கும். அவருடைய காரில் நீ திருக்கழுக்குன்றம் வரை போய் வந்திருக்கிறாய். நெல் மண்டி, லாரி, கார் எல்லாவற்றுக்கும் என்னிடம்தான் அவர் இன்ஷூரன்ஸ் எடுத்து வந்தார். ஏஜெண்டாக நான் காலூன்றியதே அவரால்தான் என்று சொல்லலாம். அந்த வருஷம் அவர் மாமல்லபுரத்துக்கு வடக்கே, சவுக்குத் தோப்பை ஒட்டி, கீற்று வேய்ந்த குடில்களாகக் கட்டி ஒரு விடுதி ஆரம்பித்திருந்தார். வெள்ளைக்காரர்கள் கீற்றுக் குடிலில் தங்குவதற்குக் கொட்டிக் கொடுத்த காலம் அது. அங்கே தங்கியிருந்தவர்கள் தங்கள் ஊர்ப் பண்டிகை ஒன்றைக் கடற்கரையில் கொண்டாட வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். அவர்களில் வயதான ஒரு அம்மாள் மட்டும், "யாருக்காவது அடிபட்டால் உங்களிடம் இன்ஷூரன்ஸ் இருக்கிறதா?" என்று கேட்டிருக்கிறார். ரங்கநாதன் எனக்கு ஆள் அனுப்பினார்.

நான் போய்ப் பார்த்தபோது ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்தன. கல் செதுக்குகிறவர்கள் இரண்டு பேர் மணலில் உட்கார்ந்து, உளியை வைத்துவிட்டுக் கத்தியால் பரங்கிக்காய்களில் பல்லும் கண்ணும் வெட்டிக்கொண்டிருந்தார்கள். நம் ஊரில் அமாவாசைக்குப் பூசணிக்காயில் குங்குமம் தடவி உடைப்பது போல ஏதோ திருஷ்டி கழிக்கிற சமாசாரம் என்று அவர்கள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வாசலிலிருந்து கடல் வரை இரண்டு வரிசையாக அவற்றை வைத்து உள்ளே விளக்கு ஏற்றப் போவதாக ரங்கநாதன் சொன்னார். நடுவில் ஆள் நடக்கிற அளவுக்குத்தான் இடம். தலைக்கு மேலே கீற்றுப் பந்தல்.

"விளக்கெல்லாம் கம்பத்து மேல ஏத்திடுங்க. இல்லன்னா பேட்டரி லைட் வைங்க. ஈர மணல் வாளி நாலஞ்சு கைக்கு எட்டுற மாதிரி இருக்கட்டும்" என்றேன்.

"பேய் வர்ற எடத்துல வாளிய வெச்சா நல்லாவா இருக்கும் சார்? சமையக்கட்டுப் பின்னாடி வெக்கச் சொல்றேன்" என்று சிரித்தார் ரங்கநாதன்.

குடில்களுக்குத் தீ பாலிசி ஏற்கெனவே இருந்தது. விருந்தினருக்கு விபத்து நேர்ந்தால் ஈடு கிடைக்கிற பாலிசி ஒன்றைப் புதிதாகக் கேட்டார். அதோடு வேலை செய்கிறவர்களுக்கும் சேர்த்து எடுத்துவிடுங்கள், அன்றைக்குத் தீயோடு புழங்கப் போகிறவர்கள் அவர்கள்தான் என்று எடுத்துச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. விளையாட்டாகப் பேசுகிறேன் என்று நினைத்துவிட்டார்.

"அவனுங்க நம்ம ஊரு ஆளுங்க சார். அவனுங்களுக்கு இன்னா ஆவப் போவுது?"

நான் வற்புறுத்தினேன். பிறகு பார்க்கலாம் என்றார். விருந்தினருக்கு மட்டும் எழுதி வாங்கிக்கொண்டார்.

பண்டிகைக்கு என்னையும் அழைத்திருந்தார். மழை தள்ளிப் போன வருஷம், காற்று மட்டும் பலமாக இருந்தது. பொழுது சாய்கிற நேரத்தில் போய்ச் சேர்ந்தேன். நான் பார்த்த காட்சியை உனக்கு எப்படிச் சொல்ல? படித்த, வயது வந்த மனிதர்கள் முகத்தில் சுண்ணாம்பும் சிவப்புச் சாயமும் பூசிக்கொண்டு பிணம் போல உலவினார்கள். ஒரு இளம் பெண் கழுத்தில் வெட்டுப்பட்டது போல வரைந்துகொண்டு என்னிடம் வந்து கை குலுக்கினாள். எனக்கு வியர்த்துவிட்டது. நம் பக்கத்து மயானக் கொள்ளைத் திருவிழாவில் காளி வேஷம் கட்டி ஆவேசமாக ஆடுகிறவர்களைச் சிறு வயதிலிருந்து பார்த்தவன்தான் நான். ஆனால் அங்கே வேஷம் கட்டியவரின் இரண்டு பக்கமும் ஆள் பிடித்துக்கொண்டு வருவார்கள். வழியெல்லாம் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். ஆடுகிறவருக்குத் தன் நினைவு இருக்காது, நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். இங்கே அப்படி யாரும் இல்லை. எல்லோரும் வேஷம் போட்டிருந்தார்கள், பார்த்துக்கொள்கிறவர் ஒருவரும் இல்லை.

விருந்தின் உச்சமாகக் கடல் பூதம் வரும் என்று ரங்கநாதன் அறிவித்தார். மீனவர் குப்பத்தைச் சேர்ந்த கன்னியப்பன் என்பவரை அன்று ஒரு நாள் கூலிக்குப் பிடித்திருந்தார். நல்ல உயரம், கட்டான உடம்பு. பழைய நூல் வலையைப் போர்த்தி, தலை முதல் கால் வரை சணல் நாரைத் தொங்கத் தொங்கக் கட்டி, தண்ணீரிலிருந்து எழுந்து வந்தது போல மினுமினுக்க வேண்டும் என்று அதன் மேல் எண்ணெய் தடவியிருந்தார்கள். எண்ணெய் தடவியது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அவருடைய மனைவி அஞ்சலை சமையல்கட்டில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

தோப்பிலிருந்து அவர் கைகளை விரித்துக்கொண்டு, உறுமிக்கொண்டு வந்தார். எல்லோரும் கூச்சலிட்டுச் சிரித்தார்கள். அந்த விளக்கு வரிசைக்குள் நுழைந்து நாலடி வைத்திருப்பார். காற்று சணலைத் தூக்கி ஒரு பரங்கிக்காய்க்குள் போட்டது. முழங்காலுக்குக் கீழே சின்னதாக ஒரு நாக்கு போல நெருப்பு. அடுத்த கணம் அது தோளில் இருந்தது. அவர் கத்தினார். கத்திக்கொண்டே ஓடினார். ஓட ஓடக் காற்றில் இன்னும் பிடித்தது.

அங்கே இருந்தவர்கள் கை தட்டினார்கள்.

இதை எழுதும்போதும் என்னால் நம்ப முடியவில்லை, தம்பி. ஒரு மனிதர் எரிந்துகொண்டே "அய்யோ, அம்மா" என்று அலறுகிறார், அதை வேடிக்கையின் ஒரு பகுதி என்று நினைத்துக் கை தட்டுகிறார்கள். ஒருவர் விசில்கூட அடித்தார். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. பேய் அலறுவது வழக்கம் என்ற நாளில் அலறலுக்கு யாரும் அர்த்தம் வைப்பதில்லை, அவ்வளவுதான். வாளி எங்கே என்று தேடினேன். அது சமையல்கட்டுக்குப் பின்னால் இருந்தது.

அந்தக் குரலைக் குரலாகக் கேட்டவள் ஒருத்திதான். "அது எங்கூட்டுக்காரரு கொரலு" என்று கத்திக்கொண்டே அஞ்சலை ஓடி வந்தாள். ஐஸ் பெட்டியை மூடுகிற ஈரச் சாக்கு அவள் கையில் இருந்தது. கடலை நோக்கி ஓடியவரைக் குறுக்கே போய் இடித்து மணலில் தள்ளி, சாக்கைப் போட்டு, அதன் மேல் தானே விழுந்து புரட்டினாள். நானும் ஓடிப் போய் மணலை வாரிப் போட்டேன். சமையல்காரர்கள் வந்தார்கள். அப்போதுதான் கைதட்டல் நின்றது. இன்ஷூரன்ஸ் பற்றிக் கேட்டாரே அந்த வயதான அம்மாள், அவர் அப்படியே மணலில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும். இருந்தது ரங்கநாதனின் கார் ஒன்றுதான். கன்னியப்பனை நாங்கள் நாலு பேர் தூக்கிக்கொண்டு காரருகே போனபோது ரங்கநாதன், "கொஞ்சம் இருங்க" என்றார். முதலுதவிக்கு ஏதோ எடுத்து வரப் போகிறார் என்று நினைத்தேன். உள்ளே போய் ஒரு பழைய ஜமுக்காளம் எடுத்து வந்து, சீட் அழுக்காகிவிடாமல் மூலைக்கு மூலை இழுத்து விரித்தார். விரித்து முடிக்கும் வரை அந்த மனிதர் எங்கள் கைகளில் முனகிக்கொண்டிருந்தார். நெருப்பைப் பார்த்ததைவிட எனக்கு அதிர்ச்சி அதில்தான். அந்தக் காருக்கு நான் பாலிசி போட்டிருந்தேன். சீட்டுக்கும் சேர்த்துத்தான்.

செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் கன்னியப்பன் பிழைத்தார். முகம் தப்பியது. இரண்டு கைகளும் மார்பும் வெந்துபோயின. அவர் அங்கே கிடந்தபோதே ரங்கநாதன் நம் வீட்டுக்கு வந்தார். காபியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அவனை விருந்தாளின்னு எழுதிடுங்க சார். பாலிசில வந்துடும். அவனுக்கும் நல்லது, எனக்கும் பேஜாரு இல்ல."

முடியாது என்றேன். எண்ணெய் தடவிய சணலைக் கட்டிக்கொண்டு கூலிக்கு ஆடிய மீனவரை விருந்தாளி என்று எழுதினால், விசாரிக்க வருகிறவர் குப்பத்தில் யாரிடம் கேட்டாலும் உண்மை தெரிந்துவிடும். பணமும் வராது, கன்னியப்பன் பொய் சொன்னவர் என்றும் ஆகிவிடும். "அவர் உங்க வேலைக்கு வந்தவர். சட்டப்படி நீங்கதான் குடுக்கணும். அதுக்குத்தான் அந்த இன்னொரு பாலிசி எடுங்கன்னு சொன்னேன்" என்றேன். காபியைத் தொடாமல் எழுந்து போனார்.

மறுநாள் அஞ்சலை வந்தாள். அவள் கைகளிலும் கட்டுப் போட்டிருந்தது. வாசலில் நின்றபடியே கேட்டாள்.

"ஒரு பொய் சொன்னா இன்னா நைனா ஆயிடும் ஒனக்கு? மொதலாளி எல்லாம் சொன்னாரு. நீ எழுதினா துட்டு வந்துடுமாம். நீதான் மாட்டேன்னியாம். கை ரெண்டும் வெந்து கெடக்குது மனுசனுக்கு. வலை இழுக்குறது யாரு இனிமே? உன் நேர்மைய நான் கொயம்பு வெக்கவா?"

அம்மா அவளை உள்ளே அழைத்து உட்கார வைத்தாள். அரை மணி நேரம் விளக்கினேன். தொழிலாளர் நஷ்ட ஈட்டுக்கு என்று சென்னையில் ஒரு அதிகாரி இருக்கிறார், ஒரு நாள் கூலியாக இருந்தாலும் முதலாளியின் தொழிலுக்காக வேலை செய்யும்போது அடிபட்டால் அவர்தான் ஈடு தர வேண்டும், நான் கூட வருகிறேன் என்றேன்.

"அவரு குடுப்பாரா?" என்று மட்டும் கேட்டாள்.

"குடுக்க வைக்கலாம்."

"வெச்சுக் காட்டு, பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் செய்தது சரிதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அந்தக் குழம்புக் கேள்விக்கு அன்று நான் சட்டத்தைத்தான் பதிலாகச் சொன்னேன் என்பதையும் உனக்குச் சொல்லிவிட வேண்டும்.

விசாரணைக்கு ரங்கநாதன் வக்கீலோடு வந்தார். கன்னியப்பன் இரண்டு கைகளையும் மார்போடு மடக்கி வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அதிகாரி ரங்கநாதனிடம் கேட்டார், இவரை உங்களுக்குத் தெரியுமா என்று. ரங்கநாதன் திரும்பி, நேராக அவர் முகத்தைப் பார்த்து, "தெரியாது சார். குடிச்சிட்டு, தானா வேஷம் போட்டுகினு உள்ள பூந்த ஆளு" என்றார். கன்னியப்பன் அதிர்ந்துபோய் என்னைப் பார்த்தார். கோபம்கூட இல்லை அவர் முகத்தில். தான் நிஜமாகவே அங்கே இருந்தோமா என்று என்னிடம் கேட்பது போல இருந்தது. என்னோடு பதினைந்து வருஷம் பழகிய மனிதர் இப்படிச் சொல்வார் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. நான் எழுந்து, பண்டிகைக்கு முன் நடந்த பேச்சு, வேலைக்காரர்களுக்குப் பாலிசி வேண்டாம் என்றது, கடல் பூதம் வரும் என்று அவரே அறிவித்தது, ஜமுக்காளம் உள்பட எல்லாவற்றையும் சொன்னேன். பெரிய பாலிசி எடுக்காததால் கமிஷன் போன ஆத்திரத்தில் பேசுகிறேன் என்றார் வக்கீல். இருக்கட்டும் என்று உட்கார்ந்தேன். இழுத்தடித்துத்தான் உத்தரவு வந்தது, ஆனால் கன்னியப்பன் பக்கம் வந்தது. ரங்கநாதன் கட்டினார். விருந்தாளி என்று எழுத நான் மறுத்த நாளிலிருந்தே அவரும் அவருடைய சொந்தக்காரர்களும் என்னிடம் இன்ஷூரன்ஸ் எடுப்பதில்லை. உன் கடைசி வருஷத்தில் வீட்டிலிருந்து பணம் தாமதமாக வந்ததற்கு நீ அம்மாவிடம் கோபித்துக்கொண்டாயே, காரணம் இதுதான்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். பஞ்சு வேஷத்தை மருமகள் ஆசையாகச் செய்திருப்பாள். அவள் மனம் நோகாமல் சொல். வீட்டுக்குள் வைத்துப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், வெளியே போட்டுக்கொண்டு போக வேண்டாம். உடம்போடு ஒட்டிய கெட்டித் துணியில், கால் தடுக்காத உயரத்தில் ஏதாவது தைக்கச் சொல். முகமூடி வேண்டாம், கண்ணை மறைக்கும். உங்கள் வாசல் பரங்கிக்காய்க்குள் பேட்டரி விளக்கு வை. மற்ற வீடுகளில் நெருப்புத்தான் இருக்கும் என்பதால் குழந்தையைப் படியருகே நடக்கவிடாமல் தூக்கிக்கொள். வேஷம் போடாத பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும், அது நீயாக இரு. ஆடை பற்றிக்கொண்டால் ஓடக் கூடாது, கீழே விழுந்து புரள வேண்டும் என்பதைக் குழந்தைக்கு இப்போதே விளையாட்டாகச் சொல்லிக் கொடுங்கள்.

வீடு வாங்கியிருப்பதாக எழுதினாய். அதற்கு எடுத்த இன்ஷூரன்ஸைப் பாங்குக்காரன் கேட்டான் என்று கையெழுத்துப் போட்டு மூட்டை கட்டி வைத்திருப்பாய். உன்னை எனக்குத் தெரியும். அதை எடுத்துப் படி. வீட்டுக்கு என்ன, சாமான்களுக்கு என்ன என்பதை எல்லோரும் படிப்பார்கள். உன் வாசல் படியில் ஊரார் குழந்தை சறுக்கி விழுந்தால் என்ன, உன் வீட்டு வேலைக்கு வருகிறவருக்கு அடிபட்டால் என்ன என்று பார். யார் விட்டுப்போயிருக்கிறார்கள் என்று தேடிப் பார்ப்பதுதான் இன்ஷூரன்ஸ் படிப்பது. குழந்தையின் பெயர் வைத்தியச் செலவு இன்ஷூரன்ஸில் சேர்ந்திருக்கிறதா என்று இந்த வாரமே கேள். நாற்பது பக்கம் இருந்தாலும் படி.

நேற்று உன் கடிதத்துக்குப் பிறகு எனக்கு உட்காரவே முடியவில்லை. இன்று காலை பஸ் ஏறி மாமல்லபுரம் போனேன். கன்னியப்பனின் விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன, வலை பிடிக்க முடியாது. ஆனால் கரையில் மீன் ஏலம் விடுவது இப்போது அவர்தான். அலைச் சத்தத்துக்கு மேலே அவர் கூவுவது சவுக்குத் தோப்பு வரை கேட்கிறது. அஞ்சலை கூடையோடு ஏலத்தில் நின்று அவரிடமே விலை பேசிக்கொண்டிருந்தாள். ஏலம் முடிந்ததும் உன் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். அந்தப் பண்டிகையில் அங்கே குழந்தைகளே வேஷம் போடுவார்கள் என்றதும் கன்னியப்பன் திடுக்கிட்டுப்போனார்.

"கொயந்தைங்களையா உடுறாங்க? நெருப்பு கீற எடத்துலயா?"

"ஆமா. என் பேரனும் போறான். பையனுக்கு எழுதப் போறேன். என்ன எழுதட்டும்?"

அவர் மடங்கிய விரல்களால் என் தோளைத் தொட்டார். பிறகு சொன்னார். "வேசத்தப் பத்தி, வெளக்கப் பத்தி நீயே எழுதிடுவே நைனா. இத்த மட்டும் நான் சொன்னேன்னு எழுது. அன்னிக்கு எங்கனா யாருனா கத்தினா, வெளையாட்டுக்குக் கத்துறாங்கன்னு நெனைச்சிகினு நிக்க வாணாம். கிட்ட ஓடிப் போயி மூஞ்சியப் பாக்கச் சொல்லு."

அவர் சொன்னபடியே எழுதிவிட்டேன். பண்டிகை முடிந்த மறுநாள், மூன்று பேரும் சுகம் என்று ஒரு வரி போடு. அது வரும் வரை உன் அம்மாவும் நானும் தபால்காரருக்காகக் காத்திருப்போம்.

உன் அப்பா